சேலத்துக் கொலுசும் ஏற்காட்டுக் காபியும் உலக வரிச் சண்டையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்றுமதி, இறக்குமதி ஆவணங்கள் தயார் செய்து கொடுப்பது என் தொழில். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர்கள், இளம்பிள்ளை தறிக்காரர்கள், ஏற்காட்டில் தோட்டம் வைத்திருப்பவர்கள் என்று பலரும் கொஞ்ச காலமாக ஒரே சந்தேகங்களைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். வேலைக்கு நடுவே அவசரமாகச் சொன்ன பதில்களை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. வரி எண்கள் அடிக்கடி மாறுவதால் முக்கியமானவற்றுக்குத் தேதியும் கொடுத்திருக்கிறேன். சரக்கு அனுப்பும் நாளில் அன்றைய விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"பொருளாதாரப் பாதுகாப்புங்கறாங்களே, அப்படின்னா என்னங்க? நாட்டோட கஜானா பத்திரமா இருக்கறதா?"

கஜானாவும் அதில் சேர்த்திதான். ஆனால் அரசுகள் இன்று கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. நமக்கு அத்தியாவசியமான ஒரு பொருள் ஒரே நாட்டிலிருந்து வருகிறது. அந்த நாடு நாளைக்கு அனுப்ப மாட்டேன் என்றால் நம் ஆலைகள் எத்தனை நாள் ஓடும்? வணிகம் என்றால் "யார் மலிவாகத் தருவார்?" என்று மட்டும் பார்த்த காலம் போய், "அவர் நாளைக்கும் தருவாரா?" என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கிறது.

பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் சீனா ஏழு வகை அரிய மண் தனிமங்களுக்கும், அவற்றில் செய்யும் காந்தங்களுக்கும் ஏற்றுமதி அனுமதி கட்டாயம் என்று அறிவித்தது. ஒரு மின்சார ஸ்கூட்டரின் மொத்த விலையில் காந்தத்தின் பங்கு ரொம்பச் சின்னது. ஆனால் அது இல்லாமல் மோட்டார் சுற்றாது. இந்திய வாகனத் தொழில் முழுவதும் சில மாதங்கள் கையைப் பிசைந்துகொண்டு இருந்தது. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் ஸ்கூட்டர் ஆலைகள் எத்தனை பேருக்குச் சோறு போடுகின்றன என்பது நமக்குத் தெரியும்.

"முன்னாடியெல்லாம் இப்படி இல்லையே, எப்ப மாறிச்சு?"

ஒரே நாளில் மாறவில்லை. 1995-ல் உலக வர்த்தக அமைப்பு வந்தது, 2001 டிசம்பரில் சீனா அதில் சேர்ந்தது. எல்லாரும் எல்லாரோடும் வியாபாரம் செய்தால் சண்டை குறையும் என்ற நம்பிக்கை அப்போது பலமாக இருந்தது. 2010-ல் கடல் எல்லைத் தகராறின்போது ஜப்பானுக்கு அரிய மண் தனிமங்கள் வருவது தடைப்பட்டது. ஜப்பான் அன்றே பாடம் படித்து வேறு இடம் தேட ஆரம்பித்தது. மற்றவர்கள் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை.

2018-ல் அமெரிக்கா "தேசப் பாதுகாப்பு" என்று சொல்லி எஃகுக்கு 25 சதவீதமும் அலுமினியத்துக்கு 10 சதவீதமும் வரி போட்டது. கொரோனா வந்தபோது எல்லா நாடும் மருந்தையும் முகக்கவசத்தையும் பிடித்து வைத்துக்கொண்டன. 2022-ல் உக்ரைன் போர் எண்ணெய், எரிவாயு, உரம் எல்லாவற்றையும் உலுக்கியது. அதே ஆண்டு ஜப்பான் பொருளாதாரப் பாதுகாப்புக்கென்றே ஒரு சட்டம் போட்டது. 2023 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் தனி வியூகம் அறிவித்தது. இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. 2019 நவம்பரில் சீனா இடம்பெற்ற ஆர்செப் என்ற ஆசிய-பசிபிக் வட்டார வணிக ஒப்பந்தப் பேச்சிலிருந்து வெளியே வந்தது. 2020 ஏப்ரலில், நில எல்லையைப் பகிரும் நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு அரசு அனுமதி கட்டாயம் என்று உத்தரவு போட்டது.

"போர்னால சரக்கு வராம போறதெல்லாம் நம்ம ஊருக்குப் புதுசா?"

புதிதே இல்லை. சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் வேர் பிடித்ததே அப்படித்தான். முன்பு ஜவ்வரிசியும் மரவள்ளி மாவும் மலேயா, சிங்கப்பூர் பக்கமிருந்து கப்பலில் வந்தன. 1942-ல் ஜப்பான் அந்தப் பகுதிகளைப் பிடித்ததும் வரத்து நின்றது. குச்சிக்கிழங்கு விளையும் மண் இங்கே இருந்தது, வாங்க ஆளும் இருந்தார்கள், போட்டிச் சரக்கு மட்டும் இல்லை. அந்த இடைவெளியில் சின்னச் சின்ன ஆலைகள் முளைத்தன. 1981-ல் ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. இன்று மகாராஷ்டிராவில் விரத நாளில் ஜவ்வரிசி கிச்சடி கிண்டுகிறவர்களுக்குச் சேலம் என்ற பெயர் தெரியும்.

நான் இதில் கவனிப்பது இன்னொன்று. வரத்து நின்றது ஒரு வாய்ப்பைக் கொடுத்தது, அவ்வளவுதான். தொழில் எழுபது எண்பது வருஷம் நின்றதற்குக் காரணம் விவசாயி, ஆலை, சந்தை மூன்றும் ஒரே இடத்தில் இருந்தது. வெறும் தடையால் மட்டும் ஒரு தொழில் நிலைத்துவிடாது. கீழே எஃகு பற்றிச் சொல்லும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"அமெரிக்கா வரி போட்டா அங்க இறக்குறவன்தானே கட்டணும்? நமக்கு என்ன நஷ்டம்?"

சட்டப்படி சரி. துறைமுகத்தில் வரியைக் கட்டுவது அமெரிக்காவில் சரக்கை இறக்குமதி செய்பவர். ஆனால் அவர் அடுத்த நாளே உங்களுக்குப் போன் போட்டு, "விலையில் பாதியை நீங்கள் குறையுங்கள், இல்லையென்றால் வேறு நாட்டில் வாங்கிக்கொள்கிறேன்" என்பார். எவ்வளவு பாரம் யார் தலையில் என்பது யாருக்கு மாற்று வழி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. படுக்கை விரிப்பு பத்து நாட்டில் கிடைக்கும், அதனால் நெசவாளர் பக்கம் சுமை சாயும். காபி விஷயம் வேறு. அமெரிக்காவில் ஹவாயைத் தவிரச் சொல்லும்படி காபி விளைவதில்லை. 2025 ஆகஸ்டில் பிரேசில் காபிக்கு 50 சதவீதம் போட்டார்கள், அங்கே கடையில் காபி விலை ஏறியது, நவம்பரில் காபியை வரியிலிருந்து விலக்கினார்கள்.

"நம்ம மேல 50 பர்சன்ட்னு சொன்னாங்களே, அது எப்படி வந்துச்சு? ஒரே வரியா?"

இரண்டு தவணை. 2025 ஆகஸ்ட் 7 முதல் இந்தியப் பொருள்களுக்கு 25 சதவீதம். ரஷ்யாவிடம் கச்சா எண்ணெய் வாங்குகிறோம் என்று காரணம் சொல்லி ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25. ரெண்டாவது வரிக்கும் இளம்பிள்ளைத் தறிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. எண்ணெய் வாங்கியது ஒருவர், தண்டம் கட்டியது இன்னொருவர். வணிகக் கொள்கை வெளியுறவுச் சண்டைக்கு ஆயுதமாகிவிட்டது என்று பேராசிரியர்கள் சொல்வது இதைத்தான்.

எஃகு, அலுமினியம் தனிக் கணக்கு. அவை 1962-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 232-ஆம் பிரிவின்கீழ் வருகின்றன. 2025 ஜூனில் அந்த வரி 50 சதவீதமானது. மேலே சொன்ன 25-ம் 25-ம் 1977-ஆம் ஆண்டின் நெருக்கடிக் கால அதிகாரச் சட்டத்தை வைத்துப் போட்டவை. எந்தச் சட்டம் என்பது ஏன் முக்கியம் என்றால், ஒன்றை எதிர்த்து நீதிமன்றம் போனால் மற்றொன்று அப்படியே நிற்கும். உங்கள் சரக்கு எந்தக் கணக்கில் வருகிறது என்று தெரியாமல் செய்தியைப் பார்த்து சந்தோஷப்படவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

"எங்க ஆர்டரெல்லாம் பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் போயிடும்ங்கறது நிஜமா?"

2025 ஆகஸ்ட் நிலவரப்படி பயம் நியாயமானது. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20 சதவீதம், நமக்கு 50. துணி வியாபாரத்தில் ரெண்டு மூன்று சதவீத லாபத்துக்கே மல்லுக்கட்டும்போது முப்பது சதவீத வித்தியாசத்தை யாராலும் தாங்க முடியாது.

மத்திய அரசு அப்போது பஞ்சு இறக்குமதி மீதிருந்த 11 சதவீத வரியை ஆகஸ்ட் 19 முதல் ஆண்டு முடியும் வரை நீக்கியது. நூல் விலைக்கு அது உதவி; பருத்தி விவசாயிக்கு அதே நேரத்தில் அடி. பிரிட்டனோடு 2025 ஜூலை 24-ல் கையெழுத்தான ஒப்பந்தம் துணிக்கு வரியில்லாத வழியைத் தருகிறது. ஆனால் அமெரிக்கக் கடைக்காரர் கேட்கும் அளவு, நிறம், பேக்கிங் வேறு. லண்டன்காரர் கேட்பது வேறு. சந்தை மாற ஒரு வருஷமாவது ஆகும். அதுவரை தறிக்காரருக்கு வட்டி கட்டப் பணம் எங்கிருந்து வரும் என்பதை ஒப்பந்தத்தை அறிவித்தவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

"கொலுசு நாம உள்ளூர்லயே செஞ்சு விக்கறோம். அதுக்கும் இந்த அரசியலுக்கும் என்னங்க சம்பந்தம்?"

சேலத்தில் இதைவிட நேரடியான சம்பந்தம் வேறு எதிலும் இல்லை. செவ்வாய்ப்பேட்டையிலும் அதைச் சுற்றியும் பெரும்பாலான வேலை கூலிக்கு நடக்கிறது. வியாபாரி கட்டி வெள்ளி கொடுப்பார். ஒரு வீட்டில் உருக்கிக் கம்பி இழுப்பார்கள், இன்னொரு வீட்டில் வளையம் கோத்துப் பற்றவைப்பார்கள், வேறொரு வீட்டில் மெருகு போடுவார்கள். கொடுத்த எடைக்குச் சேதாரம் கழித்துக் கொலுசு திரும்பிப் போகும். கூலி கிலோக் கணக்கில் வரும். வெள்ளி விலை ஏறினால் கூலியும் ஏறும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். விலை இரட்டிப்பானால் அதே முதலுக்கு வியாபாரியால் பாதி வெள்ளிதான் வாங்க முடியும். அதனால் பட்டறைக்கு வரும் கட்டி பாதியாகும், கூலியும் பாதியாகும்.

2025 தொடக்கத்தில் கிலோ ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்த வெள்ளி, அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. சோலார் தகடுகளுக்கும் மின்னணுப் பொருள்களுக்கும் வெள்ளி தேவை என்பது ஒரு காரணம். வரிக்குப் பயந்து அமெரிக்காவுக்குள் முன்கூட்டியே வெள்ளியைக் கொண்டுபோய்க் குவித்தார்கள் என்பது இன்னொன்று. 2025 நவம்பரில் அமெரிக்கா வெள்ளியைத் தன் முக்கியக் கனிமப் பட்டியலிலேயே சேர்த்தது. இந்தியா பயன்படுத்தும் வெள்ளியில் பெரும்பகுதி இறக்குமதி. ஆக வாஷிங்டனில் ஒரு பட்டியல் மாறினால் குகைத் தெருவில் ஒரு பட்டறையில் அடுப்பு எரிவதா வேண்டாமா என்பது மாறுகிறது.

"தாய்லாந்து நகைக்குத் தடைன்னாங்களே, அங்க வெள்ளிச் சுரங்கமா இருக்கு?"

அதுதான் சரியான கேள்வி. ஆசியான் நாடுகளோடு நமக்கு 2010 முதல் தடையற்ற வணிக ஒப்பந்தம் இருக்கிறது. தாய்லாந்தில் செய்த நகை என்றால் வரிச் சலுகை. நம் ஊரில் வெள்ளிக் கட்டியை இறக்கினால் வரி உண்டு. 2024 ஜூலையில் அது 15-லிருந்து 6 சதவீதமாகக் குறைந்தது, ஆனாலும் உண்டு. வேறெங்கோ கிடைத்த வெள்ளியைத் தாய்லாந்தில் லேசாக உருமாற்றி "நகை" என்று அனுப்பினால் கட்டிக்குரிய வரியிலிருந்து தப்பிவிடலாம். இறக்குமதி திடீரென்று எகிறியதும், 2025 செப்டம்பர் 24-ல் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம், அதாவது டிஜிஎஃப்டி, கல் பதிக்காத வெள்ளி நகை இறக்குமதிக்கு அனுமதி கட்டாயம் என்று அறிவித்தது. 2026 மார்ச் 31 வரை என்று அதில் தேதியும் போட்டிருந்தார்கள்.

ஒப்பந்தங்களில் "மூலநாட்டு விதி" என்று ஒன்று இருக்கிறது. சலுகை கேட்கும் பொருளில் அந்த நாட்டின் உழைப்போ மதிப்போ குறிப்பிட்ட அளவு இருக்க வேண்டும். 2020-ல் இந்தியா இதற்கான ஆதாரத்தை இறக்குமதி செய்பவரே வைத்திருக்க வேண்டும் என்று விதியை இறுக்கியது. பொருளாதாரப் பாதுகாப்பு என்று எடுத்த நடவடிக்கைகளில் எனக்கு முழு உடன்பாடு உள்ளது இதில்தான். ஏமாற்று வழியை அடைத்தது, தேதியும் போட்டது, உள்ளூரில் யாருக்கும் மூலப்பொருள் விலையை ஏற்றவில்லை.

"உருக்காலை இங்கேயே இருக்கு. அப்புறம் எதுக்கு ஸ்டெயின்லெஸ் பாத்திரம் விலை வெளிநாட்டைப் பாத்து ஏறுது?"

ஸ்டெயின்லெஸ் தகடு செய்யும் சேலம் உருக்காலை இங்கே இருக்கிறது, நிக்கல் இங்கே இல்லை. நல்ல பாத்திரத்துக்குப் பயன்படும் 304 ரகத்தில் சுமார் 8 சதவீதம் நிக்கல் இருக்கும். உலகத்தில் வெட்டியெடுக்கும் நிக்கலில் பாதிக்கு மேல் இந்தோனேசியாவில் கிடைக்கிறது. அந்த நாடு 2020 ஜனவரி முதல் நிக்கல் தாதுவை அப்படியே ஏற்றுமதி செய்வதைத் தடை செய்தது. "எங்கள் மண், எங்கள் ஊரில் உருக்கித்தான் போக வேண்டும்" என்பது அவர்கள் வாதம். 2022 மார்ச் 8 அன்று லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் டன் ஒரு லட்சம் டாலரைத் தாண்டி, வியாபாரத்தையே நிறுத்தினார்கள்.

விலை ஏறும்போது பாத்திரத் தொழில் நிக்கல் குறைந்த, மாங்கனீசு சேர்த்த 200 ரகத்துக்கு நகர்கிறது. கடையில் பார்த்தால் ரெண்டும் ஒரே பளபளப்பு. உப்பும் புளியும் பட்டுக் கொஞ்ச நாளில் புள்ளி விழும்போதுதான் வீட்டில் இருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியும். 2024 பட்ஜெட்டில் ஃபெரோ நிக்கலுக்கு இறக்குமதி வரியை நீக்கினார்கள், சரியான முடிவு.

"சைனா ஸ்டீல் மலிவா வந்து கொட்டுது. அதுக்கு வரி போட்டா நல்லதுதானே?"

யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது. இந்தியா 2025 ஏப்ரலில் சில தகட்டு எஃகு வகைகளுக்கு 12 சதவீதத் தற்காலிகப் பாதுகாப்பு வரி போட்டது. ஆண்டு முடிவில் அதையே மூன்று ஆண்டுக்கு, 12, 11.5, 11 என்று படிப்படியாகக் குறையும்படி அறிவித்தது. தகட்டு எஃகு செய்யும் ஆலையில் வேலை பார்ப்பவருக்கு அது நிம்மதி. தகடு வாங்கி லாரி பாடி கட்டும் சங்ககிரிப் பட்டறைக்காரருக்கு அது செலவு. எஃகு செய்கிறவர்கள் சில பெரிய நிறுவனங்கள். எஃகை வாங்கி வேலை செய்கிறவர்கள் ஆயிரக்கணக்கான சின்ன ஆட்கள்.

இன்னொன்று: இந்த வரியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சேராது. அதனால் "எஃகுக்குப் பாதுகாப்பு" என்ற தலைப்பைப் பார்த்துச் சேலம் உருக்காலைக்கு நன்மை என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. படிப்படியாகக் குறையும் என்று எழுதியிருப்பதை நான் வரவேற்கிறேன். ஜவ்வரிசிக் கதையில் பார்த்தோமே, தடை கொடுக்கும் நேரத்தைப் பயன்படுத்தி ஆலை தன்னைச் சீர்செய்துகொள்ள வேண்டும். முடிவு தேதி இல்லாத வரி அந்த அவசரத்தையே எடுத்துவிடும்.

"பாதுகாப்பு பாதுகாப்புன்னு பேசறவங்க நம்ம உருக்காலையை ஏன் விக்கப் பாத்தாங்க?"

2019-ல் மத்திய அரசுக்குச் சொந்தமான சேலம், துர்காபூர், பத்ராவதி ஆலைகளை விற்க விருப்ப மனு கேட்டார்கள். தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். அரசுத் தரப்பு சொன்னது நஷ்டக் கணக்கு. அந்தக் கணக்கு பொய்யில்லை. ஆனால் இங்கே நாணயச்சாலைகளுக்கு வில்லை அடித்துக் கொடுக்கிறார்கள். குளிர்முறையில் தகடு உருட்டும் திறமையை நாற்பது வருஷமாக வளர்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் "எதையும் நம்மால் செய்ய முடிய வேண்டும்" என்று திட்டம் போட்டுவிட்டு, செய்யத் தெரிந்த ஆட்கள் இருக்கும் இடத்தை வெறும் லாப நஷ்டத்தில் அளந்தால் ரெண்டும் பொருந்தாது. நஷ்டம் என்றால் எந்த அளவு நஷ்டத்தை நாட்டுக்காகத் தாங்கலாம் என்று வெளிப்படையாகக் கணக்குக் காட்டியிருக்கலாம். அப்படி ஒரு கணக்கை எந்தக் கட்சி ஆட்சியிலும் நான் பார்த்ததில்லை.

"மாமாங்கம் பக்கம் வெள்ளையா கிடக்கற மேக்னசைட் முக்கியக் கனிமம்தானே?"

2023-ல் இந்தியா அறிவித்த 30 முக்கியக் கனிமங்களில் அது இல்லை. லித்தியம், கோபால்ட், நிக்கல் போன்றவை இருக்கின்றன. ஆனால் எஃகு உலைக்குள் வைக்கும் வெப்பம் தாங்கும் செங்கல்லுக்கு மேக்னசைட் வேண்டும். உலகில் அதை அதிகம் எடுப்பதும் சீனாதான். எல்லா உலோகத்தையும் பட்டியல் போட்டுவிட்டு, அவற்றை உருக்கும் உலையின் உள்சுவரை மறந்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

"ஏற்காட்டுத் தோட்டத்துல வந்து மேப் எடுக்கணும்ங்கறாங்க. காபிக்கு எதுக்கு மேப்?"

ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்பு விதிக்காக. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்த காபி, கோகோ, ரப்பர், பாமாயில், சோயா, மரம், மாட்டிறைச்சி ஆகியவை அங்கே நுழையக் கூடாது. அதை நிரூபிக்கத் தோட்டம் எங்கே இருக்கிறது என்ற அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும். நான்கு ஹெக்டேருக்கு, அதாவது சுமார் பத்து ஏக்கருக்கு மேல் என்றால் எல்லையைச் சுற்றி வரைபடம். அதற்குக் கீழே ஒரு புள்ளி போதும். இரண்டு முறை தள்ளிப்போட்டு, பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் இறுதி என்று வைத்திருக்கிறார்கள். இந்தியக் காபியில் பெரும்பங்கு ஐரோப்பாவுக்கு, அதிலும் முக்கியமாக இத்தாலிக்குப் போவதால் நம்மால் ஒதுங்கிப் போக முடியாது.

இது வரி இல்லை, ஆனால் செலவு உண்டு. மரங்களை வெட்டாமல், சில்வர் ஓக் நிழலிலும் பலா நிழலிலும் காபி வளர்ப்பவர்கள் சேர்வராயன் மலையில் நிறைய. விதியின் நோக்கத்துக்கு இவர்கள் ஏற்கெனவே பொருந்துகிறார்கள். சிக்கல் பட்டா. தாத்தா பெயரில் இருக்கும் நிலத்தை மூன்று பங்காளிகள் பிரிக்காமல் பயிர் செய்கிறார்கள் என்றால், போன் திரையில் எல்லையை வரைய நிற்கும்போதே வேலி எது என்று வாக்குவாதம் வருகிறது. காபி வாரியத்தின் பதிவை இப்போதே முடித்துவிடுங்கள். எஃகு, அலுமினியம், சிமென்டுக்கு இதே போல ஐரோப்பாவின் கரிம எல்லை வரி, அதாவது பொருளைச் செய்யும்போது வெளியாகும் கரிமப் புகைக்கான வரி, 2026 ஜனவரியிலிருந்து முழுமையாக வந்துவிட்டது. அது ஆலைக்காரர்கள் பாடு.

"மிளகுக்கு 500 ரூபா கட்டுப்பாடு வச்சாங்களே, அது என்னாச்சு?"

2017 டிசம்பரில் கிலோ 500 ரூபாய்க்குக் கீழே மிளகு இறக்குமதி கூடாது என்று குறைந்தபட்ச விலை வைத்தார்கள். வியட்நாம் மிளகு இலங்கை வழியாக வருகிறது என்ற புகார்தான் காரணம். இலங்கையோடு உள்ள ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 2,500 டன் மிளகுக்கு வரி கிடையாது. தாய்லாந்து வெள்ளிக் கதையேதான். விலையை ஏட்டில் கூட்டிக் காட்டிச் சரக்கை உள்ளே கொண்டுவருகிறார்கள் என்று விவசாயிகள் பிறகு புகார் சொன்னார்கள். விலையைக் காகிதத்தில் மாற்றுவது சுலபம், பொருள் எங்கே விளைந்தது என்பதைச் சோதிப்பதில்தான் பலன் இருக்கிறது.

"இவ்வளவு அநியாயம் நடக்குது, உலக வர்த்தக அமைப்புல கேஸ் போட முடியாதா?"

போடலாம், ஜெயிக்கவும் செய்யலாம். தீர்ப்பை நிறைவேற்றத்தான் வழியில்லை. மேல்முறையீட்டு அமர்வுக்கு உறுப்பினர்களை நியமிக்க அமெரிக்கா ஒத்துக்கொள்ளாததால் 2019 டிசம்பரிலிருந்து அது செயல்படவில்லை. தோற்ற நாடு மேல்முறையீடு செய்தால் வழக்கு அப்படியே தொங்கும். இந்தோனேசிய நிக்கல் தடைக்கு எதிராக 2022 நவம்பரில் ஐரோப்பா ஜெயித்தது. இந்தோனேசியா மேல்முறையீடு செய்தது, அதோடு சரி. சர்க்கரை மானிய வழக்கில் தோற்றபோது இந்தியாவும் 2022 ஜனவரியில் இதையேதான் செய்தது.

"தேசப் பாதுகாப்புக்காக" என்றால் விதிகளிலிருந்து விலக்கு உண்டு என்று உலக வர்த்தக அமைப்பின் அடிப்படையான காட் ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. 2018 எஃகு வரிக்கு அது பொருந்தாது என்று 2022 டிசம்பரில் நடுவர் குழு தீர்ப்புச் சொன்னது. எங்கள் பாதுகாப்பை நாங்கள்தான் தீர்மானிப்போம் என்று அமெரிக்கா மறுத்துவிட்டது.

"அப்ப நாம மட்டும் ரொம்ப ஒழுங்கா?"

இல்லை. 2022 மே மாதம் கோதுமை ஏற்றுமதியை நிறுத்தினோம். 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியைத் தடை செய்து 2024 செப்டம்பரில்தான் விலக்கினோம். உலக அரிசி ஏற்றுமதியில் முதலிடம் நமக்கு. நம் ஊர் ரேஷன் கடையையும் விலைவாசியையும் காக்கத்தான் செய்தோம், ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவில் நம் அரிசியை நம்பியிருந்த குடும்பத்துக்கு நாம் அன்று இந்தோனேசியா, சீனா போலத்தான் தெரிந்திருப்போம். நம் விவசாயிக்கும் கூடுதல் விலை கிடைக்காமல் போனது. அடுத்தவர் செய்யும்போது அநியாயம் என்றால், நாம் செய்யும்போதும் முன்கூட்டி அறிவிப்பும் தேதியும் கொடுக்க வேண்டும்.

"சரிங்க, என்னை மாதிரி சின்ன ஆளு இப்ப என்ன செய்யணும்?"

முதலில் உங்கள் பொருளின் எட்டு இலக்க எச்எஸ் எண், அதாவது சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண், சரிதானா என்று பாருங்கள். வரி, விலக்கு, தடை எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான். அப்புறம் ஒப்பந்தத்தைப் பாருங்கள். எஃப்ஓபி என்றால் கப்பலில் ஏற்றுவதோடு உங்கள் பொறுப்பு முடிகிறது. டிடிபி என்று எழுதியிருந்தால் அந்த நாட்டு வரியையும் நீங்கள்தான் கட்ட வேண்டும். டிடிபிக்கு ஒத்துக்கொண்டு மாட்டிக்கொண்ட ஆட்களை 2025-ல் பார்த்தேன். ஒரு ஆர்டரில் ரெண்டு வருஷ லாபம் போனது.

ஆன்லைனில் சேலையோ கொலுசோ அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்கள் கவனிக்க: 800 டாலர் வரை வரியில்லை என்ற சலுகை 2025 ஆகஸ்ட் 29-உடன் எல்லா நாட்டுக்கும் முடிந்தது. அதனால் தபால் துறையே அக்டோபர் நடுப்பகுதி வரை பெரும்பாலான அமெரிக்கப் பார்சல்களை எடுக்கவில்லை. ஈசிஜிசி என்ற மத்திய அரசு நிறுவனத்தின் ஏற்றுமதிக் கடன் காப்பீடு எடுப்பது நல்லது, ஆனால் அது வாங்குபவர் பணம் தராமல் போனால் தரும் ஈடு. வரி ஏறி லாபம் குறைந்ததற்கு ஈடு கிடைக்காது. முடிந்தவரை ஒரே வாங்குபவருக்குப் பாதிக்கு மேல் சரக்கு போகாமல் பாருங்கள். சொல்வது சுலபம், செய்வது கஷ்டம் என்று தெரியும். ரெண்டாவது ஆளைத் தேடும் வேலையை ஆர்டர் நன்றாக இருக்கும்போதே தொடங்க வேண்டும்.

"வரி போடறப்ப பெரிய கம்பெனிங்க சொல்றதைத்தான் கேக்கறாங்க. நாங்க யார்கிட்ட போய்ச் சொல்றது?"

டெல்லியில் வணிகத் தீர்வுத் தலைமை இயக்குநரகம், சுருக்கமாக டிஜிடிஆர், என்று ஒன்று இருக்கிறது. பொருளைக் கொண்டுவந்து குவிக்கிறார்கள் என்று உள்ளூர் உற்பத்தியாளர் மனு கொடுத்தால் விசாரிப்பது அதுதான். விசாரணை தொடங்கும்போது அரசிதழிலும் இணையதளத்திலும் அறிவிப்பு போடுவார்கள். பொருளைச் செய்கிறவர் மட்டுமில்லை, வாங்கிப் பயன்படுத்துகிறவரும் பதிவு செய்து தன் பக்கத்தைச் சொல்லலாம். இது சட்டத்தில் உள்ள உரிமை. டிஜிடிஆர் பரிந்துரைக்கும், கடைசி முடிவு நிதி அமைச்சகத்தின் கையில்.

நடைமுறையில் பயன்படுத்துகிறவர்கள் வருவதே அபூர்வம். தனி ஆளாகப் போக வேண்டியதில்லை, சங்கமாகப் போகலாம். "எங்களுக்குக் கஷ்டம்" என்று கடிதம் எழுதினால் ஒரு மூலையில் வைத்துவிடுவார்கள். இந்த ரகம் உள்ளூரில் எங்கெங்கே கேட்டோம், என்ன விலை சொன்னார்கள், எத்தனை நாளில் தருகிறார்கள், வரி வந்தால் ஒரு லாரி பாடிக்கு எத்தனை ரூபாய் கூடும் என்று பில்லோடு காட்டுங்கள். அறிவிப்பு வந்ததிலிருந்து பொதுவாக 30 நாள்தான் அவகாசம். மனுவை ரெண்டு பிரதியாகக் கொடுக்க வேண்டும்: வாடிக்கையாளர் பெயர், விலை எல்லாம் உள்ள ரகசியப் பிரதி ஒன்று, அவற்றை மறைத்து எல்லாரும் பார்க்கும்படி ஒன்று. ரெண்டாவதைக் கொடுக்காமல் விட்டால் முதலாவதையும் கணக்கில் எடுக்காமல் போகலாம்.